யதுர்சிகாவின் பார்சல்

கஜந்தினிக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. தெரியாத இடத்தில் வழி விசாரிப்பதைவிட இரண்டு ஒழுங்கை கூடுதலாக நடந்துவிடுவாள். தொண்டைமானாற்றில் ஐந்து பெண்பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவள். உடுப்பு, கொப்பி, குடை எல்லாம் கேட்பதற்கு முன்பே அக்காமாரிடமிருந்து வந்து சேர்ந்துவிடும். அதனால் வந்த பழக்கமாக இருக்கலாம்.

கணவன் பிரவீணன் கட்டாரில் வேலை செய்கிறான். பட்டினத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததும், நான்கு வயது மகள் யதுர்சிகாவுடன் குருநகருக்கு வந்து, செபஸ்தியம்மாவின் வீட்டில் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தாள். செபஸ்தியம்மா காலையில் மீன் விற்று மத்தியானம் திரும்பிவிடுவார். கஜந்தினி வரும்வரை பிள்ளை அவரோடுதான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் செபஸ்தியம்மா சொன்னார்:

"ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையடியிலை ஒளிவிழா. நத்தார் தாத்தா வருவார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். பார்சல் குடுத்திட்டீரோ?"

என்ன பார்சல் என்று கஜந்தினிக்கு விளங்கவில்லை. வேதக்கோயில்காரர் தங்களுக்குள் ஏதோ சேர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "ஓம் அன்ரி" என்றாள்.

ஞாயிறு மழை விட்டிருந்தது. தறப்பாள் பந்தலின் கீழ் கதிரைகளும் முன்னால் ஒரு மேடையும் போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு நத்தார் தாத்தா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நின்றபடி மணி ஆட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கிறிஸ்மஸ் தாத்தாவின் சிவப்பு உடுப்பு, பிளாஸ்டிக் முகமூடி, வயிற்றில் தலையணை. முன்வரிசைப் பிள்ளைகள் பாதிப்பேர் வீரிட்டு அழுதார்கள். யதுர்சிகா அழவில்லை. தாயின் கையை விட்டுவிட்டு மேடைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, தாத்தா சாக்கிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக் கதிரைப் பெண் தன் தங்கையிடம், "எங்கடை பார்சலுக்கு நேற்றுத்தான் றிபன் கட்டினனான்" என்று சொன்னது கஜந்தினியின் காதில் விழுந்தது. அப்போதுதான் விளங்கியது. பரிசைத் தாய் தகப்பன்தான் வாங்கி, பெயர் எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று எழுந்தாள். ஆனால் யதுர்சிகா ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்கு வெறுமையானது.

"என்ரை பேர் இன்னும் கூப்பிடேல்லை" என்றாள் பிள்ளை.

தாத்தா குனிந்தார். "உங்கடை பேர் என்ன?"

"யதுர்சிகா."

அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். கஜந்தினி கிட்டப் போய் மெல்லிய குரலில், "அண்ணை, பார்சல் நாங்கள் குடுக்க வேணுமெண்டு எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றாள்.

முகமூடி அவள் பக்கம் திரும்பியது. பிறகு பிள்ளையிடம், "உங்கடை பார்சல் லாண்ட்மாஸ்டரிலை ஏறேல்லைப் போலை. நாளைக்கு வீட்டை கொண்டு வாறன். எந்த வீடு?" என்றது.

"செபஸ்தியம்மா அம்மம்மா வீடு. நீலக் கேற்."

விழாவில் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு யதுர்சிகா சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தாள். கஜந்தினிக்குத்தான் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு எடுத்து, விளையாட்டுத் தேநீர்ச் செற் ஒன்று வாங்கினாள். நத்தார் தாத்தா யார் என்று வாசிகசாலையில் கேட்டாள். படகு இஞ்சின் திருத்தும் ஜெனிஸ்ரன் என்றார்கள். அவனுடைய வேலைக் கொட்டிலைத் தேடி ஐஸ் கடையில் கேட்டாள். அங்கே சொன்ன வழி பிழையாக இருந்ததால், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடமும் கேட்டாள்.

முழங்கை வரை கிறீஸோடு ஜெனிஸ்ரன் எழுந்து வந்தான். கை அழுக்கு என்று பார்சலை மேசையில் வைக்கச் சொன்னான்.

"நாலு மணிக்கு வாறன், தங்கச்சி. பிள்ளையை நித்திரை கொள்ள விடாதையும்."

சொன்னபடி வந்தான். முகமூடி வாடகைக்கு எடுத்ததாம். காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிவப்பு உடுப்பும் தலையணை வயிறும் பஞ்சுத் தாடியும் சொந்த முகமும் ரப்பர் செருப்புமாக நீலக் கேற்றைத் திறந்தான். யதுர்சிகா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேற்று உங்கடை முகம் வேறை."

"அது மழைக்குப் போடுற முகம்" என்றான் ஜெனிஸ்ரன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பெட்டியைப் பிரித்து, கோப்பைகளை நிலத்தில் பரப்பி, அவனை இருக்கச் சொன்னாள். வேலைக்குப் போக வேண்டும் என்றவன் தலையணையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். வெறுங்கோப்பையில் மூன்று தரம் தேநீர் குடித்து, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொன்னான். கஜந்தினி அடுப்படிக்குப் போய் உண்மையான தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.