ஒரு கை நீளமான ஸ்வெட்டர்

மொரீசியஸில் ஊரே கம்பளி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த காலம் அது. பின்னியதெல்லாம் கப்பலேறிப் பனி பெய்யும் நாடுகளுக்குப் போனது. வியர்த்து வழியும் எங்களில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த என்னைப் போன்ற அதிர்ஷ்டசாலிகளைத் தவிர.

அதற்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தலைநகர் போர் லூயியில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. 'குளிரூட்டப்பட்ட அறையில் நாளைய உலகம்' என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். மயங்கிவிட்டேன். அரசாங்க வேலையை உதறிவிட்டுக் கழுத்தில் டை கட்டிக்கொண்டேன்.

என் மனைவி ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை இங்கே லிஸின் என்போம். அந்தச் சொல்லே எனக்குக் கசந்தது. கம்ப்யூட்டர்காரன் பெண்டாட்டி விடியற்காலையில் லிஸின் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதா? வேலையை விடச் சொல்லி நச்சரித்தேன்.

"உன் வேலை நிரந்தரமாகட்டும், விட்டுடறேன்" என்றாள். வீட்டில் நாங்கள் பேசுவது தீவின் கிரியோல் மொழி. அதில் புருஷனுக்கு மரியாதை விகுதி கிடையாது.

நாளைய உலகத்தில் நான் செய்த வேலை இதுதான்: பிரான்சில் தபால் மூலம் ரோஜாச் செடி வாங்கும் பெரியம்மாக்களின் பெயரையும் முகவரியையும் நாள் முழுக்கத் தட்டுவது. வரிசை வரிசையாக மேசைகள். முதுகுக்குப் பின்னால் ஒரு சூப்பர்வைசர். பேசக்கூடாது. கழிவறைக்குப் போகக் கை தூக்கவேண்டும். எத்தனை பிள்ளைகளைக் கை தூக்க வைத்திருப்பேன்! குளிரூட்டியதும் எங்களுக்காக அல்ல, எந்திரத்துக்காக. முதல் வாரமே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

உண்மையைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "அங்கே எல்லாருக்கும் ஸ்வெட்டர்தான், ஐரோப்பா மாதிரி" என்று மனைவியிடம் அளந்தேன். அவளும் பெருமையாக, லிஸினில் கழித்துப் போட்டதில் ஒன்றை வாங்கி வந்தாள். நீல நிறம். இடது கை மட்டும் ஒரு சாண் நீளம். அதை மடித்துவிட்டுக்கொண்டு ரோஜாச் செடிகளைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் சாந்த் குருவாவில் உள்ள தமிழ்க் கோயிலுக்குப் போனால், இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்கள், "கம்ப்யூட்டர்ல என்ன சார் பண்றேள்?" என்று கேட்பார். "தகவல்" என்பேன். அதற்குமேல் என் வாத்தியார் தமிழும் ஓடாது, பொய்யும் ஓடாது.

ஒருநாள் கம்பெனி விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். ஸ்வெட்டர்களைக் கழற்றச் சொன்னார்கள். பார்க்க நன்றாக இல்லையாம். என் படம் அட்டையிலேயே வந்தது. அரைக்கைச் சட்டை, டை, வலது கை விசைப்பலகை மேல், இடது கை அக்குளுக்குள். "ஆஹா, ஆழ்ந்த சிந்தனை!" என்றார் குருக்கள். நானும் சிந்தனையாளன்போலச் சிரித்துவைத்தேன்.

அதே வாரம் வேலையும் நிரந்தரமாயிற்று. திங்கட்கிழமை லிஸினில் சொல்லிவிட்டு நின்றுவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். ஞாயிறு மாலை அடுப்படியில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள்.

"பின்னாடி நிக்கிறது யாரு?"

"சூப்பர்வைசர்."

"எங்க லிஸின்லயும் இப்படித்தான் நிப்பான்." இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். "கை ஏன் அங்க இருக்கு?"

சிந்தனை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மெதுவாக, "ஃப்ரே, நோ?" என்றாள். குளிர்தானே என்று கேட்கிறாள். ஆமென்று தலையாட்டினேன்.

புத்தகத்தை மூடி வைத்தாள். "நாளைக்கு லிஸின்ல நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நான் நின்னுட்டா உனக்கு அடுத்த ஸ்வெட்டர் யாரு கொண்டாருவா?"

மறுநாள் விடியற்காலையில் இருவரும் ஒன்றாகவே பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அவள் தன் லிஸினுக்கு, நான் என் லிஸினுக்கு.