மேகமலையிலிருந்து போன ஈசிஜி

சின்னமனூரிலிருந்து மேலே வரும் சாலை சரிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, நான் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் இருந்தேன். தேனி அல்லிநகரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காலையில் போய் மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று மாற்றுத்துணிகூட எடுத்துப்போகவில்லை.

இடி விழுந்து அவர்களுடைய வைஃபை பெட்டி கருகியிருந்தது. அதைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, கையோடு கம்ப்யூட்டரில் இருந்த பழைய லினக்ஸ் இயங்குதளத்தையும் புதுப்பித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபின் மறுபடி போட்டால் படங்கள் இல்லை, மவுஸ் அசையவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சரிசெய்யத் தேவையானதை இறக்க, இணையம் வரும் அந்தத் தொலைபேசி லைனில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் போலிருந்தது. நடுநடுவே அறுந்தும் போனது.

மூன்று நாள் மழை விடவில்லை. செல்போன் டவரும் படுத்துவிட்டது. எஸ்டேட் நர்ஸம்மா தன் குவார்ட்டர்ஸில் இடம் கொடுத்தார், கட்டிக்கொள்ளச் சேலையும் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒருநாள் சரிவுவரை நடந்து போய்ப் பார்த்தேன். சாலை இருந்த இடத்தில் செஞ்சேறு, அதில் வேரோடு சாய்ந்த ஒரு மரம். அட்டை கடித்த காலோடு திரும்பி வந்து அதே நாற்காலியில், அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூச்சு முட்டியது. மேனேஜர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் திரையைப் பார்ப்பார், எதுவும் சொல்லமாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் நாள் காலையில் நர்ஸம்மா ஒரு காகிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தார். ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருவருக்கு விடிந்ததிலிருந்து நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டுகிறதாம். காகிதம் அவருடைய ஈசிஜி.

“டாக்டரம்மாகிட்ட ஆபீஸ் போன்ல பேசிட்டேன். வாயால சொன்னா முடிவு பண்ண முடியாது, பேப்பரப் பாக்கணும்னு சொல்லிட்டாக. தேனியில மெயிலத் தொறந்து வச்சு உக்காந்திருக்காக. அனுப்பிரு ஆத்தா.”

“திரையே வரலக்கா.”

“அது வராட்டிப் போகுது. அனுப்ப வழி இருக்கா, இல்லையா?”

வழி இருந்தது. கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டியே எல்லாவற்றையும் செய்யலாம். ஆனால் அப்படி ஒரு மெயிலோடு படத்தை இணைத்து அனுப்பி எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது. ஸ்கேனருக்கு உண்டான கட்டளை நினைவில் இருந்தது, காகிதம் படமாகிவிட்டது. பிறகு தலைப்பு, படத்தின் பெயர், டாக்டரின் முகவரி என்று வரிசையாகத் தட்டினேன். டாக்டரின் முகவரியையும் இணைக்க வேண்டிய படம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது திரை. மறுபடி தட்டினேன். அதே பதில்.

நோயாளியின் மனைவி வாசலில் வந்து நின்றார். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட கொங்காணிச் சாக்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. “போயிருச்சாம்மா?” என்றார்.

“இந்தா, போயிரும்” என்றேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எஸ்டேட்டின் மழை அளவைத் தினமும் மாலையில் இந்தக் கம்ப்யூட்டர் தானாகவே தலைமை ஆபீஸுக்கு மெயிலில் அனுப்பிவந்தது. எனக்கு முன்னால் வந்த யாரோ எழுதி வைத்த கட்டளை அது. அதைத் திறந்து பார்த்தேன். கோப்பின் பெயருக்கும் முகவரிக்கும் நடுவில், இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகள். இணைப்பு இத்தோடு முடிந்தது, இனி வருவது முகவரி என்று அதற்கு அர்த்தம். அதைச் சேர்த்துத் தட்டினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

ஏற்றுக்கொண்டதே தவிர, மெயில் போகவில்லை. காத்திருக்கும் மெயில்களின் பட்டியலில் அப்படியே கிடந்தது. படம் மிகப் பெரியது. அதை அழித்துவிட்டு, படத்தின் நிறத்தை எடுத்து, அளவைச் சுருக்கி மறுபடி அனுப்பினேன். பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிடந்தது. கிடந்தது. பிறகு காலி என்று வந்தது.

“போயிருச்சுக்கா. கிடைச்சுச்சான்னு அவுகதான் சொல்லணும்.”

மூவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடித்ததும் நர்ஸம்மா எடுத்தார். “சரிங்க, சரிங்க” என்று மாத்திரைகளின் பெயரைக் கையிலேயே எழுதிக்கொண்டார். மாரடைப்புதான். மாத்திரையைக் கொடுத்து, எப்படியாவது சரிவைத் தாண்டிக் கொண்டுவாருங்கள், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றிருக்கிறார் டாக்டர்.

ஆறு பேர் ஒரு நாற்காலியில் மூங்கில்களைக் கட்டி அவரைத் தூக்கினார்கள். மனைவி பின்னாலேயே போனார். மூட்டத்துக்குள் அவர்கள் மறையும்வரை ஆபீஸ் படியில் நின்றேன். என்னையும் கூட்டிப்போங்கள் என்று கத்திவிடலாம் போலிருந்தது, ஆனால் நான் கெடுத்த கம்ப்யூட்டர் இன்னும் சரியாகவில்லை. சாகக் கிடக்கிற ஒரு மனிதர் கீழே போகிறாரே என்று பொறாமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் பிழைத்தார். தேனியில் இதயக் குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஃபேக்டரியில் இப்போது உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். இறக்க வேண்டியதெல்லாம் ஒருவழியாக இறங்கி, கம்ப்யூட்டரில் படங்கள் திரும்பி வந்தபோது மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, “வந்துருச்சா” என்றார், அவ்வளவுதான்.