ரோட்டுக்கு இந்தப் பக்கம் கிழங்கு

யசவதிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கூலிக்குத் தேங்காய் உரித்துச் சேர்த்த காசில் ஒன்பது வருஷமாக புத்தர் பிறந்த வெசாக் நாள் தவறாமல் வாசலில் தன்சல் என்கிற அன்னதானம் போடுகிறாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும், வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா.

இந்த வருஷம் எதிர்வீட்டு ஹேமபால ஐஸ்கிரீம் தன்சல் போட்டுவிட்டான். முன்னொரு தரம் அவன் மாடு இவள் கிழங்குக் கொல்லையை மேய்ந்ததில் மூண்ட சண்டை. ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

வெயில் ஏற ஏற ஊரே ஐஸ்கிரீம் வரிசையில் நின்றது. யசவதி ரோட்டில் போகிறவர்களை நிறுத்தும் தன்சல் கொடியை ஆட்டி ஆட்டி, "வாங்க, வாங்க! ஐஸ் தின்னா வயிறு நிறையுமா?" என்று கத்திப் பார்த்தாள். பானை குறையவில்லை.

மத்தியானம் ஹேமபாலவே ரோட்டைத் தாண்டி வந்து தட்டை நீட்டினான். தன்சலுக்கு வந்தவனை இல்லையென்று அனுப்பக்கூடாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழங்கை அள்ளிப் போட்டாள். அவன் நின்றபடியே தின்று முடித்தான்.

"கிழங்கு பஞ்சு மாதிரி இருக்கு அக்கா. சம்பல்லதான் உப்பு பத்தல."

"உன் மாடு தின்னப்ப உப்பு கேக்கலியே!"

ஆறு வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய், தன் வரிசையைப் பார்த்துக் கத்தினான்: "முதல்ல அக்கா வீட்டுக் கிழங்கு, அப்புறம்தான் ஐஸ்கிரீம்! போங்க, போங்க!"

ஒரு மணி நேரத்தில் பானையின் அடி தெரிந்தது. யசவதி கடைசித் தட்டைத் தனியே எடுத்துவைத்தாள். சம்பலில் உப்பைத் தூவிப் பிசைந்து, உள்ளங்கையில் துளி வைத்து ருசி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தூவினாள். பிறகு தட்டோடு அவளே ரோட்டைத் தாண்டினாள்.