சுடாத பாதம்

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே, திருவண்ணாமலைப் பெருமாள் கோவில். புரட்டாசிச் சனிக்கிழமை, நடு மதியம். எனக்கு முன்னால் வரிசையில் முப்பத்தேழு பேர். பந்தல் நிழலோ பத்துப் பேருக்குத்தான் காணும். கல்லின் சூடு தாங்காமல் நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

துளசி மாலை போட்ட பருத்த மனிதர் ஒருவர், யார் தவித்தாலும் தன் நிழலைக் கொடுத்துவிட்டு வெயிலில் போய் நின்றார். ராஜபாளையத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தவராம். என்னையும் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்துவிட்டார்.

“உங்களுக்குச் சுடலையா?”

“மூணு புரட்டாசியா சுடல சார். எல்லாம் பெருமாள் கிருபை.”

குனிந்து பார்த்தேன். அவர் பாதத்தோரம் கொப்புளம் உடைந்து, கல்லில் ரத்தம் படிந்திருந்தது. நானும் சர்க்கரை நோய்க்காரன். பதறிப்போனேன்.

“கிருபை இல்லைங்க, இது சுகர். கால் மரத்துப்போச்சு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விட்டா காலையே எடுக்க வேண்டியதாயிரும்.”

“சாமி குடுத்ததுக்கும் டெஸ்ட் எடுக்கணுமாக்கும்!” என்று சிரித்தவர், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அப்ப இம்புட்டு நாளும் அது பெருமாள் இல்லையா சார்?”

அவர் மெல்ல நிழலுக்குள் வந்து என்னை ஒட்டி நின்றார். கால் பிழைத்துவிடும் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை.