எஞ்சின் மூடியும் பெருக்கல் வாய்ப்பாடும்

ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலான நாள் நான் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போனேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேனில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தகர மூடி பத்தே நிமிடத்தில் தோசைக்கல்லாகிவிடும். சீட்டு கிடைக்காத ஒருவர் அதில்தான் உட்கார வேண்டும். அது யார் என்று எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி முடிவு செய்வாள். சின்னப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பெருக்கல் கேட்பாள்; அவள் பத்து எண்ணுவதற்குள் விடை சொல்லாதவர் மூடிக்குப் போக வேண்டும்.

எனக்கும் விடை வரும். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது வரும். அதற்குள் வேனே என்னை டியூப்லைட் என்று கூப்பிட்டு ஓய்ந்திருக்கும். ஓட்டுநர் அண்ணன் மட்டும், "இன்னா பாப்பா, ஏரியே வந்துட்ச்சு, கணக்கு இன்னும் வர்லியா?" என்று கேட்பார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே காத்திருந்தார். அதுதான் கொடுமை.

வீட்டில் சொன்னேன். அந்த அக்காவின் அப்பாவும் தானும் தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷன் என்று சொல்லிவிட்டு, அப்பா எனக்கு வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார்.

நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய கேள்விகளைக் குறிக்கத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. பதின்மூன்றிலிருந்து பதினேழு வரைதான் கேட்கிறாள். பதினெட்டும் பத்தொன்பதும் ஒருநாளும் வரவில்லை. இப்போது மென்பொருளைச் சோதிக்கும் வேலையில், இப்படி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை நான் முந்திக்கொண்டேன். "பத்தொம்போது எட்டு எவ்ளோக்கா?"

"நூத்தி நாப்பத்திரெண்டு," என்றாள், கண் இமைக்காமல். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் திட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது: விடையை நான் போட்டு வைத்திருக்கவில்லை. மூடிமேல் உட்கார்ந்து போட்டேன். ஏரி போயிற்று, கரையான்சாவடியும் வந்தது. பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கும்போது, "நூத்தி அம்பத்திரெண்டு" என்று அறிவித்தேன். ஓட்டுநர் அண்ணனைத் தவிர யாரும் சந்தோஷப்படவில்லை.

மாலையில் நான் வழக்கம்போல மூடியை நோக்கிப் போனபோது, அந்த அக்கா என் பையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் உள்ளங்கையில் பேனாவால் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"ரைட்டுதான். ஆனா நீ லேட்டு," என்றாள். பிறகு சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாள். "பாதி சீட்டுதான் தருவேன்."

ஒரு கால் சீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பாதியில் உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது.