சுவரில் விட்ட வாசல்

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் தினமும் மண் சரிந்தது. விருதுநகரில் அச்சகம் வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், எனக்கு ஒரு பேட்டரி ரயில் வாங்கித் தந்திருந்தார். தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஸ்டேஷனும் அதன் பின்னால் மண்மேடும் அமைத்தேன். ரயில் ஒரு சுற்று வருவதற்குள் அதிர்வில் மேடு இறங்கித் தண்டவாளத்தை மூடிவிடும்.

"கல்சுவரு படம் அச்சடிச்சு ஞாயித்துக்கிழம கொண்டாரேன், ஒட்டிக்கோத்தா," என்றார் மாமா. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படம் மண்ணைத் தாங்குமா? அவர் வருவதற்குள் நிஜச் சுவரே கட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். பசித்தபோது மட்டும் எழுந்தேன்.

அவர் அச்சகத்துக் கழிவு அட்டையைத்தான் எடுத்துக்கொண்டேன். கல் கல்லாகக் கிள்ளி மைதாப் பசையில் ஒட்டி, டீத்தண்ணீர் தடவினேன். மேட்டின் மேல் கருவேலங்குச்சி மரங்கள். சுவர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் நடுநடுவே விட்டிருந்த வாசல்கள் வழியாக மண் ஒழுகியது. அவற்றை அடைத்தால் வேலை முடிந்தது. நான் அடைக்கவில்லை. அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு ஆயுத பூஜையன்று போயிருந்தேன். அங்கே சின்ன அறைக்குக்கூட நாலு பக்கமும் வாசல். எதற்கு என்றதற்கு, "ஓடுறதுக்கு," என்றாள் அம்மா. எதைக் கண்டு ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்ட வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். பிடிவாதமாக, வாசலின் இரு ஓரத்திலும் சுவரை மேட்டுக்குள் மடக்கி, இடையில் அட்டைப் படிகள் வைத்தேன். மண் நின்றது.

ஞாயிறன்று ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. சுவர் அசையவில்லை. மாமா கொண்டுவந்த படத்தைச் சுருட்டியபடியே வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஸ்டேசன் சுவத்துல எதுக்குத்தா இம்புட்டு வாசல்?"

"ஓடுறதுக்கு மாமா."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இருக்கட்டும்ணே, அடைக்கச் சொல்லாதீக," என்றாள்.

பிறகு குனிந்து, ரயிலைப் பார்த்து நான் நிறுத்தியிருந்த களிமண் பயணிகளை ஒவ்வொருவராக எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். எனக்குக் கோபமான கோபம். ஊருக்குப் போகிறவர்கள் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நிற்பார்கள்? அம்மாவுக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலை கம்பெனி வண்டியில் அவள் ஏறிப் போனதும், எல்லாரையும் பழையபடி திருப்பி வைத்தேன்.