கிதாரைக் காப்பாற்றிய ஊசி

பலா மரத்தை இழைத்து நானே ஒரு மின்சார கிதார் செய்தேன். தந்தியின் அதிர்வை வாங்கி, ஒலிபெருக்கியாக வைத்திருந்த ரேடியோவுக்கு அனுப்பும் காந்தச் சுருளை, அதாவது பிக்கப்பை, பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் நண்பர் சுற்றிக் கொடுத்தார். மெல்லிய தந்திகள் மூன்றும் கணீரென்று பேசின. தடித்த மூன்றும் வாயே திறக்கவில்லை. மச்சினன் கல்யாணத்தில் வாசிக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

பிக்கப்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறி, கோயமுத்தூரில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அதே கதை. இன்னும் பெரிய பிக்கப் வைத்துப் பார்க்கலாமென்று, கிதாரின் வயிற்றைக் குடைய உளியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து நழுவிய ஊசி, பிக்கப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, ஊசிய இந்த இழு இழுக்குதே, அந்தத் தடிச்ச கம்பிய இழுக்குதுங்களா?"

"உன் வேலையப் பாரு" என்றேன். ஆனாலும் தடித்த தந்தி ஒன்றைக் கழற்றி பிக்கப்பில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. வீணைக்குப் போடும் பித்தளைத் தந்தி அது. பளபளப்பில் மயங்கி நானே பொறுக்கி எடுத்தது. இரும்பு அசைந்தால்தான் பிக்கப்புக்குத் தெரியும். அந்த மூன்றுக்கும் எஃகுத் தந்தி மாட்டியதும் ஆறும் பேசின. கல்யாணப் பந்தலில் மானம் தப்பியது.

இப்போது தந்தி வாங்கப் போனால் என் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். நான் செருப்பு மாட்டும்போதே மனைவி கேட்டுவிடுவாள்:

"காந்தம் இருக்குதுங்களா, இல்ல நானே வரோணுங்களா?"